பெற்றோர் கையெழுத்து

முப்பது பெற்றோருக்கு நடுவில் ப்ரியங்கா டீச்சர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்றுதான் பன்னீர்செல்வம் நினைத்தான்.

டீச்சர் பாராட்டக் கூப்பிட்டிருந்தார்.

அவன் மகள் சங்கவி போன வருஷம் வகுப்பில் வாயே திறக்காதவள். இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் தமிழில் எழுபத்தெட்டு, கணக்கில் எழுபத்தொன்று. அதற்குக் காரணம் அவள் அப்பாதான் என்று டீச்சர் ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

ஜூலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த நோட்டு. தினமும் பத்து நிமிஷம் பிள்ளை வீட்டில் சத்தமாகப் படிக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பாதி வீடுகளில் ஒரு வாரத்தோடு நின்றுபோனது. சங்கவியின் நோட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

டீச்சர் கடைசிப் பக்கத்தை விரித்து அவனிடம் கொடுத்தார்.

வரிக்கு வரி அவன் பெயர். தமிழில்.

அவன் கையெழுத்துப் போடுவது இங்கிலீஷில், அதுவும் கப்பல் ரிஜிஸ்டரில் மட்டும்தான். தெற்குக் கோடித் தீவில் உள்ள கேம்பல் பே போகும் கப்பலில் டெக் வேலை. ஜூலைக்குப் பிறகு அவன் வீட்டில் தங்கிய நாட்கள் பத்து தேறாது. இன்று காலைதான் துறைமுக ஜெட்டியில் இறங்கினான். மனைவி ஜெயமணி சிப்பிகாட் கிராமத்துக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டதால் கூட்டத்துக்கு அவன் வந்தான்.

ஜெயமணிக்கு எழுதத் தெரியாது. பேங்கில் விரல் ரேகைதான்.

வீட்டில் எழுதத் தெரிந்தவள் இன்னும் ஒருத்திதான். அவள் சுவரோரம் நின்று தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படி முடிகிறது என்று மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார் டீச்சர்.

உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் பிள்ளை திருடியாகிவிடுவாள். இனி அந்த வாய் திறக்கவே திறக்காது.

"பெருசா ஒண்ணுமில்ல மேடம், அவ படிப்பா. நான் உக்காந்து கேப்பேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். வருகைப் பதிவேடு வந்தபோது பல வருஷத்துக்குப் பிறகு தமிழில் தன் பெயரை எழுதினான். நோட்டில் இருந்த அதே உருண்டை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்படி.

வராந்தாவில் மகளை ஓரமாக நிறுத்தினான். திட்டவில்லை. உனக்காக இன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன், இனிமேல் அப்பா கையெழுத்தை நீ போடாதே என்று மட்டும் சொன்னான்.

"நான் போடலப்பா. அம்மா போட்டது. உங்க பேரத்தான் மொதல்ல கத்துக்குவேன்னாங்க."

தினமும் பாடத்தைக் கேட்டு முடித்ததும் ஜெயமணி பென்சிலை வாங்கிக்கொள்வாளாம். எதை எப்படி எழுதுவது என்று இவள் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். தப்பாகச் சொன்னால் அம்மாவும் தப்பாகவே எழுதிவிடுவாள் என்பதால், இவள் தானே முன்னாடி ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்வாளாம்.

பன்னீர்செல்வம் திரும்ப உள்ளே போனான். டீச்சர் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். சற்று முன் தான் சொன்னது பொய் என்று அவரிடம் சொன்னான். அந்த நோட்டை இன்னொரு முறை கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து பார்த்தான்.

ஜூலை முழுக்க வெறும் 'ப'. இனிஷியல் என்று டீச்சர் விட்டிருந்தார். ஆகஸ்டில் அது 'பன்' ஆனது. செப்டம்பரில் 'பன்னீர்' வரைக்கும் வந்துவிட்டது. அடுத்து வந்த 'செ'யில் கொம்பு பல நாள் பின்னால் போய் நின்றது. முழுப் பெயர் வர அக்டோபர் ஆகியிருந்தது.

கடைசிப் பக்கத்தில், பதற்றத்தில் அவன் பார்க்காமல் விட்ட இடம் ஒன்று இருந்தது. நேற்றைய தேதிக்கு நேரே, அவன் பெயரைத் தாண்டி, சின்னதாக ஒரு 'ஜெ'.