நாலரைக் கம்பு

புது மாப்பின் கம்பைத் தன் நெஞ்சு உயரத்துக்கு அறுத்து வைத்திருந்தான் கணவன். பார்த்ததும் மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது.

"கொஞ்சமாவது அறிவிருக்கா? இனிமே நான் முதுகு ஒடியக் குனிஞ்சு தொடைக்கணுமா?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறுத்த கம்பைத் தரையில் கிடத்திக் கிடத்தி வீட்டை அளந்துகொண்டிருந்தான்.

"கட்டில்ல இருந்து பாத்ரூம் நாலரைக் கம்பு. கிச்சன் ஏழு."

நடு ஹாலில் இருந்த டீப்பாய் வழிமறித்தது. அதைச் சுவரோரம் தள்ளினான். அவள் விடுவேனா என்று பழையபடி நடுவில் இழுத்துப் போட்டாள்.

"புது சோஃபா வாங்கப் போறீங்களா? வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"சோஃபா எல்லாம் இல்ல."

"போன வாரம் கண்ணாடி மாத்தப் போயிட்டு வெறுங்கையோட வந்தீங்க. அன்னையில இருந்து ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறீங்க!"

அலமாரியைக் குடைந்து டேப்பை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள்.

"அளக்குறதுதான் அளக்குறீங்க, இதை வெச்சு ஒழுங்கா அளந்து தொலைங்க. கம்பை வெச்சு யாராவது வீட்டை அளப்பாங்களா?"

அவன் டேப்பை இழுத்து, மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். விட்டதும் அது சர்ரென்று சுருண்டுகொண்டது.

"இதுல நம்பர் தெரியணுமே. இன்னும் ஆறு மாசத்துக்குத்தான் பார்வை இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்."

 அவள் டீப்பாயைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"கிச்சன் ஏழுதானா? அவசரத்துல அளந்திருப்பீங்க. இன்னொரு தடவை அளங்க" என்றாள்.