நான்காம் மாடித் திருப்பம்

"தலைப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க... ஐயோ, இடிக்குது, இடிக்குது!"

மூன்றாவது முறையாக ஸ்ட்ரெச்சர் படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் அதைப் பின்னுக்கு இழுத்து, நான்காவது மாடி வாசலிலேயே இறக்கினார்கள். படுத்திருந்த கிழவர் கண் திறக்கவில்லை.

"இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. உட்காரவெச்சுத் தூக்க முடியாது. உள்ளே ரத்தம் கசியுதுபோல. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா கஷ்டம்தான்" என்றார் ஒருவர்.

கிழவரின் மகள், பக்கத்து வீட்டில் குளியலறை வேலையாக வந்திருந்த கொத்தனாரைக் கையோடு இழுத்து வந்தாள்.

"அண்ணே, இந்தக் கைப்பிடிச் சுவரை இடிங்க. ரெண்டடி போதும்."

"தொடாதே!"

கட்டடத்தைப் பார்வையிட வந்திருந்த பாரம்பரியத் துறை அதிகாரி, கீழ்த்தளத்திலிருந்து மூச்சிரைக்க ஏறிவந்தார். மாற்றலாகி வந்து நாலு நாள்தான். விறைப்பு இன்னும் கலையவில்லை.

"பாதுகாக்கப்பட்ட கட்டடம்மா இது! அம்பது வருஷத்துக்கு முன்னால எழும்பின அதிசயம். இந்தத் திருப்பத்துல மனிதன் தன்னையே சந்திக்கிறான்னு தனியா ஒரு புத்தகமே போட்டிருக்காங்க."

"நாங்க சுவரைத்தான் சார் சந்திக்கிறோம். இங்கே யார் முழங்கையை வேணா பாருங்க, சிராய்ப்பு இருக்கும். லிஃப்ட்டுல மூணு பேர் நின்னா, மூச்சை வெளியே வந்துதான் விடணும்."

"மகத்தான கலைன்னா கொஞ்சம் அசௌகரியம் இருக்கத்தான் செய்யும்."

"உயிர் போயிட்டிருக்கு சார்!"

அதிகாரியின் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் கல்நெஞ்சாம்மா? சட்டம் அப்படி. வரைஞ்சவர் கையெழுத்து இல்லாம ஒரு ஜல்லி பெயர்ந்தாலும் என் வேலை போயிடும்."

"அவர் கையெழுத்துப் போட்டா இடிக்கலாமா?"

"தாராளமா. ஆனா அவ்வளவு பெரிய மேதையை இப்போ எங்கே போய்த் தேடுவீங்க?"

மகள் அதிகாரியின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். ஒரு தாளில் இரண்டு வரி கிறுக்கி, ஸ்ட்ரெச்சர் அருகே மண்டியிட்டுக் கிழவரின் விரல்களுக்கிடையே பேனாவைச் செருகினாள்.

"அப்பா, உங்க படிக்கட்டுதானே... ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா."

கிழவர் கண் திறந்தார். தாளைப் படித்தார். கொத்தனாரின் சுத்தியலைப் பார்த்தார்.

"அந்த வளைவை வரைய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்று முனகியவர், பேனாவை நழுவவிட்டார். "என்னைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் போடுங்க."