“மூடியை எப்படி மூடுவீங்க?”

அநியாயம் நடந்தது போஜெனாவுக்கு. ரடோம் ஊர் ஜாம் ஆலையில் இருபது வருஷமாக ஜாடிகளுக்கு மூடி போடுகிறவள். ஆட்குறைப்புக்கு யோசனை சொல்ல வார்சாவிலிருந்து வந்த நிர்வாக ஆலோசகர், வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லாமல் கோடை முழுக்க அவளை அந்தரத்தில் விட்டிருந்தார்.

இது அவள் மகள் லுட்விகாவின் தீர்ப்பு. வார்சாவில் தொழிலாளர் சட்டம் படிக்கிறாள். பஸ் தாமதமானாலே டிரைவரோடு அரசியல் சாசனம் பேசுகிறவள், இதை விடுவாளா? ரயிலைவிட்டு இறங்கின கையோடு ஆலை கேண்டீனுக்குள் புகுந்தாள்.

ஆலோசகர் செசாரி எலுமிச்சைத் தேநீரை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். எதிரே அம்மா.

“நீங்கதானே சார், எங்கம்மாகிட்ட ‘மூடியை எப்படி மூடுவீங்க’ன்னு நாலு தடவை கேட்டவரு?”

“அஞ்சு.”

“வெக்கமா இல்ல? உங்களுக்கு நாள் கணக்குல சம்பளம், இழுக்க இழுக்க லாபம். இங்க ஒருத்தருக்கும் தூக்கமில்ல!”

“உக்காருடி,” என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ பேசாம இரும்மா. பயந்து பயந்தே உங்க தலைமுறை வீணாப்போச்சு.”

சுற்றிலும் சாப்பிட்டவர்கள் ஸ்பூனை நிறுத்தினார்கள். கூட்டம் கேட்கிறது என்றால் லுட்விகாவுக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

“மனுஷங்களைத் தவிக்க விடறதும் சுரண்டல்தான்! உங்க அறிக்கை இன்னிக்கே வந்தாகணும்!”

பக்கத்து மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்த டைரக்டர் நிமிர்ந்தார்.

“பொண்ணு சொல்றது நியாயம்தானே, செசாரி? யார் யாரை நிறுத்தணும்னு சாயங்காலமே பேரைக் குடுத்துடுங்க.”

லுட்விகா வெற்றியோடு அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை.

செசாரி கோப்பையைக் கீழே வைத்தார். “குடுத்துடலாம் சார். ஆனா இப்ப குடும்பத்துலேர்ந்தே புகார் வந்தாச்சு. எல்லாரையும் இன்னொரு தடவை விசாரிக்கலைன்னா நாளைக்கு கோர்ட்டுல நிக்காது. வெள்ளிக்கிழமை ஆயிடும்.”

டைரக்டர் லுட்விகாவை முறைத்தார். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?” சூப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

“பாத்தியாம்மா! என்னையே சாக்கா வச்சு இன்னும் இழுக்கறாரு!”

செசாரி குரலைத் தாழ்த்தினார். “உங்கம்மா பிறந்தநாள் என்னிக்கும்மா?”

“மார்ச் பதிமூணு. சொந்தபந்தமெல்லாம் வந்து சாப்பிட்டுட்டுப் போகுமே, தெரியாதா என்ன?”

“அது அவங்க பெயர்நாள்.”

வீட்டில் கொண்டாடுவது, ஒரே பெயர் வைத்த எல்லாருக்கும் காலண்டரில் பொதுவாக வருகிற அந்தப் பெயர்நாளைத்தான். பிறந்தநாளை அம்மா சொன்னதில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் கேள்வி கேட்ட மகள் அதை மட்டும் கேட்டதில்லை.

“வியாழக்கிழமைடி,” என்றாள் அம்மா. “அம்பத்தாறு முடியுது. அறுபதுல பென்ஷன். அந்த ஒரு நாள் வரட்டும்னுதான் இந்த மனுஷன் கோடை பூரா முட்டாள் வேஷம் கட்டினாரு. நீதான் சட்டம் படிக்கிறவளாச்சே, சொல்லு. வியாழக்கிழமைக்கு அப்புறம் என்னை யாராச்சும் வேலையை விட்டு அனுப்ப முடியுமா?”

ஆம், இல்லை என்பதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறவள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“முடியாதும்மா. பென்ஷனுக்கு நாலு வருஷமே பாக்கின்னா, அதுவரைக்கும் நிறுத்தக் கூடாதுங்கறதுதான் சட்டம்.”