ஸ்டோருக்கு ஒரு நடை

"ஹேமலதா, மிஷின ஆஃப் பண்ணு. ஸ்டோருக்குப் போய் நூல் வாங்கினு வா."

சூப்பர்வைசர் நிசார் அஹமதுவின் குரல் கேட்டு ஹேமலதா தையலை நிறுத்தினாள். இப்போதுதானே போய் வந்தாள்?

"சார், நூல் இருக்குது சார். காலையில வாங்கினு வந்ததே இன்னும் பிரிக்கல."

"அது கறுப்பு. பிரவுன் யார் வாங்கினு வர்றது? போம்மா, பேசினு நிக்காத."

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அதில் தோல் தைக்கும் லைன். ஸ்டோர் இருப்பதோ கட்டடத்தின் மறுகோடியில், மாடியில். ஹெல்பர் பெண்கள் சும்மா நிற்க, தைத்துக்கொண்டிருப்பவளை எழுப்பி அனுப்புகிறார் மனுஷன். ஒரு தடவை என்றால் தொலைகிறது என்று விடலாம். நூல், ஊசி, பசை என்று வரிசையாக வரும். எதுவும் அகப்படவில்லையென்றால், "ஃபினிஷிங்ல ஃபேன் ஓடுதான்னு பாத்துனு வா" என்பார்.

"உன்ன மட்டும் ஏன்டி இப்படி அலைய வுடறாரு?" பக்கத்து மிஷின் எப்சி கிசுகிசுத்தாள். "மாசக் கடைசியில பர்மனென்ட் பண்ணப் போறாங்க. டார்கெட் கம்மியாச்சுன்னா உன்ன கழட்டி வுட்ருவாங்க. அவரு சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு வேற வேலைக்குக் காத்துனு இருக்குதாம்."

ஹேமலதாவின் பயமும் அதுதான். கணவன் மதியழகனுக்குத் தோல் மண்டியில் தொடர்ந்தாற்போல வேலை கிடைத்தால் அதிசயம். இவள் வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

போதாக்குறைக்கு இடது கால். கொஞ்ச நாளாகவே கெண்டைக்கால் வீங்கிக் கனக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் 'உடம்பு முடியாத பொண்ணு' என்று கழித்துவிடுவார்களே! சுடிதார் பேன்ட்டுக்குள் வீக்கத்தை மறைத்துக்கொண்டு, டாய்லெட்டுக்குப் போகிற நேரமாவது மிச்சமாகட்டும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் தைக்கிறாள். அந்த நேரத்தைத்தான் இந்த ஆள் மாடிப்படியில் கரைக்கிறார்.

அன்றைக்கும் டார்கெட் குறைந்தது. அழுகை முட்டிக்கொண்டு வர, நேரே மேனேஜர் தானியேலின் அறைக்குள் போய் நின்றுவிட்டாள்.

"சார், என்னைய வேணும்னே அலைய வுடறாரு சார். என் வேலைய காலி பண்ணத்தான் இப்படிப் பண்றாரு."

தானியேல் நிசாரைக் கூப்பிட்டார். கண்ணாடி அறை என்பதால் மொத்த லைனும் வேடிக்கை பார்த்தது.

"என்ன பாய் இது? இத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு. டெய்லரை ஹெல்பர் வேலைக்கு அனுப்புவீங்களா?"

நிசார் அஹமது ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹேமலதாவைப் பார்த்தார். அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"தப்புதான் சார். இனிமே அனுப்பல."

"இன்னொரு தடவை கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா லைனையே மாத்திடுவேன்."

தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

"சபாஷ்டி! இப்படித்தான் கேக்கணும்" என்றாள் எப்சி.

அதற்குப் பிறகு ஹேமலதாவை யாரும் எழுப்பவில்லை. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அசையாமல் தைத்தாள். டார்கெட் தாண்டியது. மனசுக்குள் ஒரு சின்ன கர்வம்கூட எட்டிப் பார்த்தது.

கால்தான் கேட்கவில்லை. வீக்கம் முழங்காலுக்கு ஏறி, சுடத் தொடங்கியது.

"இன்னாடி இது, இவ்ளோ வீங்கியிருக்குது?" மதியழகன் பதறினான்.

"தசைப் பிடிப்புதான். தைலம் தேய்ச்சா போய்டும்."

போகவில்லை. அந்த வாரக் கடைசியில் காலைத் தரையில் ஊன்றவே முடியாமல் போக, வண்டியில் உட்காரவைத்து டாக்டர் பெர்சிஸிடம் கூட்டிக்கொண்டு போனான். ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"தசைப் பிடிப்பு இல்லம்மா. கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கு. அது நகர்ந்து நுரையீரல்ல போய் அடைச்சா உயிருக்கே ஆபத்து. இப்பவே வேலூருக்குப் போய் அட்மிட் ஆகணும்."

"நான் உக்காந்த எடத்துல தைக்கிறவ டாக்டர். காலுக்கு வேலையே கிடையாதே?"

"அதனாலதாம்மா வந்தது. இதயமும் ஒரு தசைதான். நாம சொல்லாமலே அது தானா அடிச்சுக்கும். கால் தசை அப்படியில்ல, நீ அசைச்சாதான் அசையும். இதயம் ரத்தத்தைக் கீழ தள்ளி விட்டுடும். அதை மேல ஏத்தணும்னா, கெண்டைக்கால் தசை சுருங்கிப் பிழிஞ்சு விடணும். நடந்தாதான் அது நடக்கும். அசையாம உக்காந்தா ரத்தம் அங்கேயே தேங்கிடும். எந்தக் கம்பெனி?"

சொன்னாள்.

"அந்தக் கம்பெனியா?" டாக்டர் நிமிர்ந்தார். "அங்கிருந்து ஒரு சூப்பர்வைசர் பிரஷர் பாக்க என்கிட்ட வருவார். 'எங்க லைன்ல ஒரு பொண்ணு வீங்கின காலை மறைச்சுக்கிட்டுத் தைக்குது. வெளியில தெரிஞ்சா அதோட வேலை போய்டும், நான் இன்னா பண்றது டாக்டர்'னு போன மாசம் கேட்டார். டாக்டர்கிட்ட வர வைக்கிற வரைக்கும் ஏதாவது சாக்கு சொல்லி நடக்கவாவது வைங்கன்னேன். அன்னிலேர்ந்து அந்தப் பொண்ணை நூலுக்கும் ஊசிக்கும் ஸ்டோருக்கு அனுப்பிக்கிட்டே இருக்காராம்."

ஹேமலதா மதியழகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "அப்படி ஒரு மனுஷன் உன் லைன்லயும் இருந்திருந்தா, உனக்கு இந்த நிலைமை வந்திருக்காதும்மா."