அம்மா சொன்னால் கேட்பார்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தில் கோவிலில் கல்யாணம் கிடையாது என்று பங்குச்சாமி முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஷிமேயோ கிறிஸ்துமஸுக்கு முன்பே ஸ்ப்ளிட் துறைமுகத்தில் கப்பலேற வேண்டியவன். திரும்பி வர இரண்டு வருடமாகும். லுட்சியா நேராக அம்மாவின் முன்னால் போய் மண்டியிட்டாள்.

"நீங்கதான் பரிஞ்சு பேசணும் தாயே. கானாவூர்க் கல்யாணத்துல திராட்சை ரசம் தீர்ந்துபோச்சு. மகன் 'என் நேரம் இன்னும் வரல'ன்னார். அம்மா விட்டாங்களா? 'அவர் சொல்றதைச் செய்யுங்க'ன்னு வேலைக்காரங்ககிட்ட சொல்லிட்டாங்க. ரசம் வந்துச்சா இல்லையா? உங்க மகனும் உங்க பேச்சைத் தட்டமாட்டார்."

"எனக்கே வேதம் சொல்றியா? எந்திரிடி, முட்டி வலிக்கும்." மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார், பங்குச்சாமியின் அம்மா. "மத்தியானம் சாப்பிட வருவான். கல்யாணத்துக்குச் சரின்னு சொன்ன பிறகுதான் மீன் தட்டுக்கு வரும்."