சற்குணத்தின் சுத்தமான குழல்

நான்காவது பெட்டித் தோட்டாக்களும் சரியில்லை என்று சற்குணம் தீர்ப்பளித்தார்.

நூறு மீற்றருக்கு அப்பால் இருந்த அட்டையில் ஐந்து ஓட்டைகள், சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பிகள் போலத் தள்ளித் தள்ளி இருந்தன.

குற்றவாளி பக்கத்திலேயே நின்றார்.

தோட்டாக்களுக்கு வீட்டில் வெடிமருந்து அளந்து நிரப்பியவர் மனைவி றூபினி. லண்டன் மோர்டனில் மருந்தாளர். குழந்தைகளின் மருந்தை மில்லிகிராம் பிசகாமல் அளக்கும் கை, கணவரின் தோட்டா என்றதும் பிசகிவிடுகிறதாம். ஆறு மாதமாகத் துப்பாக்கி சுடும் கிளப் முழுவதற்கும் சற்குணம் இதைத்தான் சொல்லி வருகிறார்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனை. ஐந்து பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு மருந்து என்பது சற்குணத்தின் உத்தரவு. அடுத்த வாரப் போட்டிக்கு அணியில் இருப்பதோ ஒரே ஓர் இடம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பு ரைபிளின் குழலுக்கு எண்ணெய் விட்டு, துணி நுழைத்து, கண்ணாடிபோல் துடைத்தார். துடைத்த குழலில் முதல் சில குண்டுகள் தறிகெட்டுப் போகும், கொஞ்சம் கரி படிந்தால்தான் நிதானத்துக்கு வரும் என்று கிளப் கப்டன் கிரஹாம் சொல்லிப் பார்த்தார். அழுக்குக்கு வக்காலத்து வாங்கும் மனிதரோடு என்ன பேச்சு என்று சற்குணம் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

ஐந்தாவது பெட்டிக்கு வந்தபோது துணி தீர்ந்துவிட்டது. மனம் நொந்து, அழுக்குக் குழலோடேயே சுட்டார்.

ஐந்து குண்டும் ஒரு பவுண் காசுக்குள் அடங்கின.

“பாத்தீரே? இப்பதான் உமக்கு அளவு பிடிபட்டிருக்கு!”

சுடுதளமே திரும்பிப் பார்த்தது.

அவர் எழும்பிய இடத்தில் றூபினி ரைபிளோடு குப்புறப் படுத்தார். அவருக்கும் லைசென்ஸ் உண்டு. முதல் பெட்டியில் மிஞ்சியிருந்த ஐந்து தோட்டாக்களை, துடைக்காத அதே குழலில் போட்டுச் சுட்டார்.

கிரஹாம் தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். பிறகு அணிப் பட்டியலில் றூபினியின் பெயரை எழுதினார்.

“உது நான் கழிச்ச பெட்டியெல்லோ! அதிலை எவ்வளவு போட்டனீர்?”

றூபினி காதுக் கவசத்தைக் கழற்றினார்.

“அஞ்சு பெட்டியிலையும் ஒரே அளவுதானப்பா போட்டனான்.”