கோகிலாவின் பெல்ட்

அரபு நாட்டில் வீட்டு வேலை செய்யும் அக்கா கோகிலா, ஊர் திரும்பிய ஒருத்தியிடம் கொடுத்தனுப்பிய சாம்பல் நிறக் கவுன் மேனகாவின் உடம்பில் சாக்குப்பை மாதிரித் தொங்கியது.

"இதப் போட்டுக்கிட்டா நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பதிய கண்டி ஏஜென்சிக்குப் போறது?" என்று வீடியோ காலில் அக்காவிடம் சிணுங்கினாள்.

திரையில் அக்கா வழக்கம்போல எடுப்பாக இருந்தாள். கழுத்தைச் சுற்றிப் பூப்போட்ட சால்வை, கையில் அகலமான வளையல்கள். அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் மேனகாவுக்கும் அங்கே போகும் ஆசை வந்தது.

"எம்புள்ள மகாராணி மாதிரி இருக்கா" என்றாள் மேனகாவின் பக்கத்திலிருந்த அம்மா, திரையிலிருந்த அக்காவைப் பார்த்து.

"நீ வர வேணாம் மேனகா."

"நீ மட்டும் சொகமா இருக்கணுமாக்கும்!"

அக்கா அம்மாவை ஒருமுறை பார்த்தாள்.

"சரி, கவுனோட என் பழைய பெல்ட்டும் இருக்கும். அதக் கட்டு. நான் மாட்டின கடைசி ஓட்டையில மாட்டிப் பாரு."

பெல்ட்டைக் கட்டியதும் கவுனுக்கு ஓர் அழகு வந்துவிட்டது. ஆனால் கடையில் போட்ட ஓட்டைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய ஓட்டைகள் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தன. மூச்சைப் பிடித்து இழுத்தும் கடைசி ஓட்டை எட்டவில்லை.

மேனகா பெல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் மாட்டி, வெறும் வளையமாகப் பிடித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பாப்பாவின் இடுப்புக்குத்தான் அது சரிவரும்.

மறுபடி திரையில் அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா... அந்தச் சால்வையக் கொஞ்சம் எடு."

"அம்மா இருக்காங்க" என்றாள் அக்கா, சிரிப்பு மாறாமல்.